அறுபதுக்கு மேல் வரும் சத்தம்

இதோ, வந்துவிட்டது. காரின் வேகமுள் அறுபதைத் தாண்டியதும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு யாரோ ஒரே சுருதியில் முனகுகிற மாதிரி, ம்ம்ம் என்று, மூச்சு விடாமல். கோவில்பட்டி ஊருக்குள் இருந்தவரை இல்லை, பைபாஸில் ஏறும்போது இல்லை, முன்னால் போன பஞ்சு லாரியைத் தாண்டலாமென்று கொஞ்சம் அழுத்தினேன், அவ்வளவுதான். எழுபதில் தடிக்கிறது. எண்பதில் அதற்கு ஒரு அடிவயிறு வந்துவிடுகிறது. காலை எடுத்தால் மெல்ல இறங்கி எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்துகொள்கிறதா, இல்லை நான்தான் கேட்பதை நிறுத்திவிடுகிறேனா? இந்தக் கேள்வியோடுதான் ஒரு மாதமாகச் சோறு தின்கிறேன். இன்று காலை வாசலில் நின்று என் வீட்டுக்காரர் ஞானதுரை, “எமி, சத்தம் வண்டில இல்லம்மா” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார், காய்ச்சல்காரியிடம் சொல்கிற மாதிரி. வண்டியில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, அவருடைய கை மட்டும் தன் காதருகே போய், போனது தெரிந்ததும் தலைமுடியைக் கோதிக்கொண்டு இறங்கிவிட்டது. திருநெல்வேலி காது டாக்டரிடம் அவரே போனில் பேசி நேரம் வாங்கிவிட்டார். உரக்கடைக்குச் சரக்கு வருகிற நாள், கூட வர முடியவில்லை என்று அவருக்கு வருத்தம். டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே ஜங்ஷனுக்குப் போகவேண்டும், நாகர்கோவிலிலிருந்து மதிய ரயிலில் மகள் பெர்சிஸ் கைக்குழந்தையோடு வருகிறாள், இதே வண்டியில், இந்தச் சத்தத்தின் மேல் அவர்களை உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். சத்தம் என் காதில் என்றால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. வண்டியில் என்றால் எனக்கு ஒன்றுமில்லை. எது வேண்டும் எமீமா, எதைக் கேட்டு ஜெபம் பண்ணப்போகிறாய் என்று என்னை நானே கேட்கிறேன், பதில் வருவதற்குள் முனகல் குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இடது காது போனது ஒரு காலை நேரத்தில். வலியில்லை, காய்ச்சலில்லை. எழுந்து, தங்கச்சி போன் பண்ணுகிறாள் என்று எடுத்து வழக்கம்போல் இடது காதில் வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை, போன் கெட்டுவிட்டது என்று இவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, “பேசுதால்ல, நல்லா கேக்குதே” என்றார். கையில் வாங்கித் திரும்ப வைத்தேன், ஒன்றுமில்லை, வலது பக்கம் மாற்றினேன், தங்கச்சி கத்திக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷம்தான். நரம்பு என்றார் டாக்டர். ஊசி, மாத்திரை, எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு காதை வைத்துக்கொண்டு தாராளமாகக் காலம் தள்ளலாம் என்றார், உண்மைதான், தள்ளுகிறேன். ஆனால் ஒரு காது போனால் பாதிச் சத்தம் போகும் என்று நினைத்திருந்தேன், போனது அதுவல்ல, திசை போய்விட்டது. இப்போது எனக்கு எல்லாச் சத்தமும் வலது பக்கத்திலிருந்துதான். கடைவீதியில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நான் ஒரு முழு வட்டம் சுற்றுகிறேன். வீட்டில் மிக்சி ஓடினால் அது வாசலில் ஓடுகிறது. வானத்தில் இடி இடித்தால் அதுகூட வலது தோளுக்குப் பக்கத்தில். இன்னொன்றும் டாக்டர் சொன்னார், போகிற போக்கில், எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: மிச்சமிருக்கிற காதில் இரைச்சல் மாதிரி ஏதாவது ஆரம்பித்தால் நாள் கடத்தாமல் வந்துவிடுங்கள். அந்த வாக்கியத்தை அவர் அன்றே மறந்திருப்பார். நான் அதை எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்திருக்கிறேன், அது என்னோடு எழுந்து என்னோடு படுக்கிறது. வாக்கியங்களை எடுத்து வைத்துக்கொள்வதுதானே என் வேலை. சப் கோர்ட்டில் சுருக்கெழுத்து, சாட்சி கூண்டில் நின்று சொல்லச் சொல்ல எடுத்துத் தட்டச்சு செய்து கொடுக்கிற உத்தியோகம். காது போனபின் ஒரு நாள் ஒரு லாரி டிரைவர் சாட்சி, கூட்டம், மேலே ஃபேன் கடகடவென்று ஓடுகிறது, திருப்பிச் சொல்லச் சொன்னேன், பிறகு இன்னொரு முறையும் சொல்லச் சொன்னேன். நீதிபதி ஐயா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வாரம் என்னை ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் பேசுவதில்லை. மரியாதையாகத்தான் மாற்றினார்கள், எல்லாரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள், அதுதான் தொந்தரவு.

சரி, அழுதுகொண்டே ஓட்டமுடியாது. காற்றாலைகள் வந்துவிட்டன, கயத்தாறு நெருங்குகிறது. கரிசல் காட்டில் வரிசையாக நின்று சுற்றுகின்றன, கண்ணாடியை இறக்கினால் ஊவ், ஊவ் என்று விட்டு விட்டு வரும். இது அந்தச் சத்தமில்லை, இது விட்டு வருவதில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் முதல் முறை கேட்டபோது காற்றாலை என்றுதான் நினைத்தேன், சாத்தூர் பக்கம் போகும்போதும் கேட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது. பிறகு புது டயர். டயர் மாற்றி ரொம்ப நாளாகவில்லை, புது டயர் ரோட்டோடு பழகுகிறவரை கொஞ்சம் சத்தம் போடும் என்று எங்கள் ஊர் ஒர்க்ஷாப்காரர் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஒன்றுமில்லையேம்மா என்றார். மார்க்கெட் ரோட்டில் மாட்டு வண்டிக்குப் பின்னால் போனால் என்ன கேட்கும்? அறுபதுக்கு மேல் போகவேண்டும் என்றேன், போனேனே என்றார். என் வீட்டுக்காரரும் போனேன் என்கிறார். இவர் கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு, கையால் கதவில் தாளம் தட்டிக்கொண்டு போவார், அவருக்கு ரயில் எஞ்சினே பக்கத்தில் வந்தாலும் கேட்காது. ஆனாலும் இரண்டு காதும் நன்றாக உள்ள இரண்டு பேர் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது ஒரு காதுக்காரி என்ன வழக்காடுவது? வழக்காடலாம். ஏன் கூடாது? கூண்டில் நிற்பவனைப் பார்த்து வக்கீல்கள் கேட்பதை வருஷக்கணக்காக எழுதியவள் நான். எப்போது பார்த்தீர்கள், வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரம், அவர் நின்றாரா நடந்தாரா? இவன் நல்லவனா கெட்டவனா என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. சின்னச் சின்னதாக, ஆமா இல்லை என்று மட்டும் பதில் வருகிற மாதிரிக் கேட்பார்கள். சத்தத்தைக் கேட்பேன். இந்த ரோடு முடிவதற்குள் கேட்டுவிடுவேன். டாக்டர் வாசலில் போய் உட்கார்ந்தபிறகு கேள்வியெல்லாம் அவருடையதாகிவிடும், நான் வெறும் பதில் சொல்கிறவள்.

முதல் கேள்வி எஞ்சினுக்கு. முன்னும் பின்னும் யாருமில்லை, கண்ணாடியில் தூரத்தில் ஒரு பஸ் மட்டும். எண்பதில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் சட்டென்று அடங்கிப் புறாபோல் குறுகுறுத்தது. முனகல் அப்படியே இருந்தது. துளி மாறவில்லை. வண்டி தன்பாட்டுக்கு உருள உருள அது எழுபது, அறுபத்தைந்து என்று கூடவே இறங்கி வந்தது. அப்படியானால் எஞ்சின் இல்லை, உருளுகிற எதுவோ. உடனே உள்ளேயிருந்து எதிர்க்கட்சி வக்கீல் எழுந்துவிட்டார்: வேகம் கூடக் காற்று கூடும், காற்று கூடக் காதிரைச்சல் கூடலாம், அப்படி இல்லை என்று உன்னால் சொல்லமுடியுமா? முடியாது. மறுபடி கியரில் போட்டேன். இரண்டாவது கேள்வி டயருக்கு. சுங்கச்சாவடி வருகிறது, அங்கே தார் முடிந்து சிமென்ட் தளம். வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகைகள் வருவதற்கு முன்பே தளம் மாறிவிடும், அந்தக் கொஞ்ச தூரம் போதும். தாரில் டயர் உஸ்ஸென்று போகும், சிமென்டில் சொரசொரவென்று கத்தும், யார் வீட்டு டயரும் அப்படித்தான். வந்தது, மாறியது, டயர் கத்தத் தொடங்கியது, அதற்கு அடியில் முனகல் எந்த மாற்றமும் இல்லாமல் ஒரே சுருதியில், ரோடு மாறியதே தெரியாத மாதிரி. டயர் இல்லை. டயராக இருந்தால் ரோட்டைப் பார்த்துக் குரலை மாற்றியிருக்கும். சாவடியில் நின்றேன். நின்றதும் முனகல் இல்லை. முன்னால் இருந்த வேனில் ஒரு பெண் சிரிப்பது வலது பக்கமிருந்து கேட்டது, வேன் நேர் முன்னால் நிற்கிறது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் முன்பு வந்த தைரியம் பாதி இறங்கிவிட்டது. எஞ்சின் இல்லை, டயர் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சப்போவது என் காதுதானே. அதை நிரூபிக்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறேனா? தடுப்புக் கட்டை எழும்பியது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், எடுத்தேன்.

ஒரு வழி இருக்கிறது. அது முதலிலிருந்தே தெரியும், தெரிந்துதான் அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறேன். காதைப் பொத்திப் பார்க்கவேண்டும். சத்தம் வெளியே என்றால் பொத்தியதும் போகும். காதுக்குள்ளே என்றால் பொத்தப் பொத்த இன்னும் பெரிதாகும், உள்ளே அடைத்துக்கொண்ட வண்டு மாதிரி. இது டாக்டர் சொல்லவேண்டியதில்லை, சளி பிடித்த எல்லாருக்கும் தெரியும். ஒரு மாதமாக ஏன் செய்யவில்லை? ஏனென்றால் வலது காதைப் பொத்தினால் எனக்கு உலகமே இல்லை. தலைக்குக் குளிக்கும்போது அந்தக் காதில் தண்ணீர் போனால் நான் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். வண்டி ஓட்டும்போது செய்வதா? பிறகு எப்போது செய்வது, நின்றால் சத்தம் நின்றுவிடுகிறதே. ரோடு கோடு போட்ட மாதிரி நேராகக் கிடக்கிறது. கண்ணாடியைப் பார்த்தேன், காலி. இடது தடத்தில் எழுபதில் நிதானமாக வைத்தேன். முனகல் நன்றாகக் கேட்கிறது, இரு, இரு, போய்விடாதே என்று அதனிடம் சொல்கிறேன். இடது கால் செருப்பை உதறிவிட்டேன், ஏன் உதறினேன் என்று தெரியாது, நிற்க ஒரு தரை வேண்டியிருந்தது, வெறும் பாதத்தைத் தரைவிரிப்பில் ஊன்றினேன். இடது கையால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வலது கை விரலைக் காதில் வைத்து அழுத்தினேன். எல்லாம் போயிற்று. காற்று, எஞ்சின், ரோடு, எல்லாம். சத்தமே இல்லாத சினிமா மாதிரி பனைமரங்கள் பக்கத்தில் ஓடுகின்றன. என் இதயம் மட்டும் டொம் டொம் என்று தொண்டையில். வண்டு எங்கே? தேடினேன். தலைக்குள் ஒவ்வொரு மூலையாகத் தேடினேன், விளக்குப் பிடித்துத் தேடுகிற மாதிரி. இல்லை. வண்டு இல்லை. ஒன்றுமே இல்லை. அப்போதுதான் பாதம். பாதத்துக்கு அடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது, நுணுக்கமாக, விடாமல், ஒரே சுருதியில். காதில் இருந்து போனது போகவில்லை, காலில் இருக்கிறது. விரலை எடுத்தேன், முனகல் கேட்டது, பாதத்திலும் இருந்தது. பொத்தினேன், காதில் இல்லை, பாதத்தில் இருந்தது. வேகத்தை ஐம்பதுக்கு இறக்கினேன், பாதத்தில் அடங்கியது. ஏற்றினேன், ஏறியது. என் பாதத்துக்கு நரம்பு நோய் எதுவும் கிடையாது. அதன் பெயரில் எந்த டாக்டரிடமும் சீட்டு இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டி ரோடு மங்கியது, துடைத்துக்கொண்டேன், இப்போது போய் எதிலாவது இடித்துத் தொலைக்காதே. நான் இல்லை. அது நான் இல்லை. வண்டிதான். இந்த ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், வண்டிதான், வண்டிதான், என் குரல் வலது பக்கத்தில் கேட்டது, கேட்டுவிட்டுப் போகட்டும்.

சந்தோஷம் அடங்குவதற்குள் பயம் ஆள் மாறி வந்து உட்கார்ந்தது. வண்டி என்றால் வண்டியில் எது? எஞ்சின் இல்லை, டயர் இல்லை, உருளும்போது மட்டும், வேகத்தோடு ஏறி இறங்குவது. சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று, பேரிங். உள்ளே குண்டுகள் தேய்ந்துபோனால் இப்படித்தான் முனகும் என்று எப்போதோ ஒரு விபத்து வழக்கில் மோட்டார் வாகன ஆய்வாளர் சாட்சி சொல்ல நான் எழுதியிருக்கிறேன். முனகி முனகி, ஒரு நாள் சூடேறிச் சக்கரம் பிடித்துக்கொண்டது, கார் குறுக்கே திரும்பிவிட்டது. அந்தக் காரில் யார் இருந்தார்கள் என்பதை நினைக்காதே. எந்தச் சக்கரம்? இரண்டு காது உள்ளவர்கள் கொஞ்சம் தலையைச் சாய்த்தால் சொல்லிவிடுவார்கள். எனக்கு வலது பக்கம் கேட்கிறது, எனக்கு எல்லாமே வலது பக்கம்தான், அந்தச் சாட்சியம் செல்லாது. வேறு என்ன இருக்கிறது? வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் மறுபக்கம் சாயும், பஸ்ஸில் நின்று போனவர்களுக்குத் தெரியாதா? வலது பக்கம் பஸ் திரும்பினால் இடது பக்கத்து ஆளின் மேல்தான் விழுவோம். எந்தச் சக்கரத்துக்கு நோவு இருக்கிறதோ அதன் மேல் பாரம் விழுந்தால் அது அதிகம் கத்தவேண்டும். முன்னால் நீளமான வளைவு, வலது பக்கம். எழுபதிலேயே நுழைந்தேன். முனகல் வாயைத் திறந்தது. ம்ம்ம் என்றது ர்ர்ர் என்று உறுமிப் பாதத்தில் கடித்தது. வளைவு நிமிர்ந்ததும் பழைய முனகல். பின்னால் யாருமில்லாதபோது தடத்துக்குள்ளேயே மெல்ல இடது பக்கம் ஒடித்தேன், அடங்கிப்போய்விட்டது, அணைத்துவிட்ட மாதிரி. வலது பக்கம், உறுமல். இடது பக்கம், அமைதி. திரும்பத் திரும்பச் செய்தேன், என்னைப் பார்த்தவர்கள் குடித்துவிட்டு ஓட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே பதில், மாற்றிச் சொல்லவேயில்லை, இவ்வளவு உறுதியான சாட்சியை நான் கோர்ட்டில் பார்த்ததில்லை. இடது பக்கம். என் செத்த காதின் பக்கம். ஒரு மாதமாக வலது தோளுக்கருகில் முனகிக்கொண்டிருந்தது உண்மையில் என்னிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கமுடியுமோ அவ்வளவு தள்ளி, நான் கேட்கவே முடியாத மூலையில் இருந்திருக்கிறது.

முன்னா பின்னா என்பதுதான் பாக்கி. கங்கைகொண்டானுக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரத்து நிழலைப் பார்த்து, பிரேக்கை அதிகம் மிதிக்காமல், உருளவிட்டு உருளவிட்டுக் கொண்டுபோய் நிறுத்தினேன். பிரேக் பிடித்தால் எல்லாச் சக்கரமும் சுடும், பிறகு ஒன்றும் தெரியாது. இறங்கினேன், ஒரு காலில் செருப்பு இல்லை, தார் ஓரத்து ஜல்லி குத்துகிறது. முதலில் வலது பக்கம் இரண்டு, சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தேன், வெயிலில் கிடக்கிற பாத்திரம் மாதிரி இளஞ்சூடு. இடது முன் சக்கரம், அதே சூடு. இடது பின் சக்கரத்திடம் போய்க் குனிந்து கையைக் கொண்டுபோனேன், தொடுவதற்கு முன்பே அனல் தெரிந்தது, தொட்டதும் கையை உதறினேன். ஒரு பைக்கில் புருஷன் பெண்டாட்டியாகப் போனவர்கள் நிறுத்தி, பஞ்சராக்கா, ஸ்டெப்னி மாத்தணுமா என்று கேட்டார்கள். பஞ்சர் இல்லை, சும்மா பார்த்தேன் என்றேன். சும்மா பார்க்கிறவள் ஒற்றைச் செருப்போடு ரோட்டோரம் நின்று சிரிப்பாளா என்று அந்தப் பெண் என் காலைப் பார்த்தாள், நல்லா இருக்கீகள்ல என்று மட்டும் கேட்டாள். ரொம்ப நல்லா இருக்கேன் என்றேன். ஒரு மாதத்தில் நான் சொன்ன முதல் முழு உண்மை.

அப்போது போன் அடித்தது. இவர்தான். டாக்டரிடம் போய்விட்டாயா என்றார், பின்னால் மூட்டை இறக்குகிற சத்தம். டாக்டரிடம் போகவில்லை, ஒர்க்ஷாப்புக்குப் போகிறேன், இடது பின் சக்கரத்துப் பேரிங் போயிருக்கிறது என்றேன். “யாரு சொன்னா?” என்றார். “நான் சொல்றேன்.” பிறகு, கவனமாக வார்த்தை பொறுக்கி, டாக்டரையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாமே, அவர் நேரம் கொடுத்திருக்கிறாரே என்றார். அவர் நேரத்தை வேறு யாருக்காவது கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். நாற்பதுக்கு மேல் போகாமல் ஓரமாகவே உருட்டிக்கொண்டு போனேன், லாரிகள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு தாண்டின. நாற்பதில் முனகல் இல்லை, அது இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து உட்காரத் தொடங்கியது. பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சூடாகுமே. வெயில் இடது பக்கம்தானே அடித்தது, தெற்கே போகிற வண்டிக்குக் காலை வெயில் இடது பக்கம். ஆனால் முன் சக்கரத்துக்கும் அதே வெயில்தானே. பாதத்தில் அதிர்ந்தது? ஆசைப்பட்டால் பாதம்கூடப் பொய் சொல்லாதா? தாழையூத்து வருகிறவரை இப்படித்தான், ஏறுவதும் இறங்குவதும். ஒர்க்ஷாப்பில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால், பிறகு நான் எந்த முகத்தோடு எதைக் கேட்டேன் என்று யாரிடம் சொல்வது? பின் சீட்டில் பெர்சிஸ் குழந்தையைப் போடுவதற்காகக் காலையில் விரித்து வைத்த வெள்ளைத் துண்டு கண்ணாடியில் தெரிந்தது. சரி, அவமானப்பட்டாலும் பட்டுவிட்டுப் போகிறேன், பார்க்காமல் ஏற்றமாட்டேன்.

வண்ணார்பேட்டையில் அசன் பாயின் ஒர்க்ஷாப், பெர்சிஸ் கல்யாணத்தின்போது வண்டி பழுதாகி ஒரு தடவை வந்தது. என் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சொன்னேன். டயர் புதுசா இருக்கே, அதுவா இருக்கும்க்கா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருவோம் என்றார். ஓட்டவேண்டாம், தூக்குங்கள், இடது பின் சக்கரம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. ஆடலயே என்றார். சுத்திவிடுங்க பாய் என்றேன். கையால் வேகமாகச் சுற்றிவிட்டார். மண்ணில் உட்கார்ந்து, சேலை அழுக்காவதைப் பார்க்காமல், உள்ளே கைவிட்டுச் சக்கரத்துக்கு மேலிருந்த சுருள்கம்பியைப் பிடித்தேன். மணல் அரைக்கிற மாதிரி, ஜரஜரவென்று, என் விரல்கள் வழியாக முழங்கைவரை. எனக்குத் தெரிந்த ஆள். ஒரு மாதமாகக் கூடவே குடித்தனம் நடத்திய ஆள். நீங்க பிடிச்சுப் பாருங்க என்று கையை எடுத்தேன். அசன் பாய் பிடித்தார், மறுபக்கச் சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார், திரும்பவும் இதைப் பிடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். “ஆமாக்கா” என்றார். “இது போயிட்டு.”

கழற்றி எடுத்த பேரிங்கை எண்ணெயைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுற்றிப் பார்த்தேன், சுற்றாமல் இடறி இடறி நகர்ந்தது, உள்ளே ஓடுதளம் அம்மை வடு மாதிரிக் குழி குழியாக. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், குழந்தையோடு நீண்ட தூரம் போகிற வண்டி என்கிறீர்கள், இது ஓடுகிறவரை ஓடும், பிறகு சொல்லாமல் பிடித்துக்கொள்ளும் என்றார். சொல்லாமல் என்று எப்படிச் சொல்கிறார், ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டேதானே இருந்தது. படம் எடுத்து இவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. மூட்டைக்காரர்கள் போய்விட்டார்கள்போல, அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. “எமி” என்றார். “ஒனக்குக் கேட்டது எனக்குக் கேக்கல பாரு.” அவ்வளவுதான். மன்னிப்பு எல்லாம் கேட்கிற ஆள் இல்லை, இது அதைவிடப் பெரிது. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன், இல்லை என்றார், குழம்பை எடுத்துச் சுடவைக்கச் சொன்னேன்.

புதுப் பேரிங் மாட்டிக்கொண்டு போனேன், ஜங்ஷனில் ரயில் தாமதம், அதுவும் எனக்கு நல்லதாயிற்று. பெர்சிஸ் ஒரு தோளில் பையும் மறு தோளில் குழந்தையுமாக வந்தாள், பேரன் அழுது முடித்துத் தூங்கியிருந்தான். டாக்டர் என்ன சொன்னாரும்மா என்றுதான் முதலில் கேட்டாள், அப்பா போனில் சொல்லியிருக்கிறார். போற வழியில சொல்றேன், ஏறு என்றேன். பின் சீட்டில் ஏறிக் குழந்தையைத் துண்டில் கிடத்திக்கொண்டாள். ஊரைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறினோம். ஐம்பது. அறுபது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எழுபது. ஒன்றுமில்லை. டயர் ரோட்டின் மேல் உஸ்ஸென்று பட்டுத்துணி கிழிகிற மாதிரிப் போகிறது, அதற்கு அடியில் ஒன்றுமில்லை, சுத்தமாக ஒன்றுமில்லை. எண்பது. இந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டே போகலாம், கன்னியாகுமரியிலிருந்து காசிவரை போகலாம். வேண்டுமென்றே ஒரு தடவை வலது பக்கம் ஒடித்தேன், என்னம்மா என்றாள் பெர்சிஸ், ஒண்ணுமில்ல என்றேன். டாக்டரைப் பார்க்காத கதையைச் சொன்னேன். நியூட்ரல், சிமென்ட் தளம், விரல், பாதம், வளைவு, எல்லாம். சொல்லி முடித்துக் கண்ணாடியில் பார்த்தேன், குழந்தையின் மேல் கையை வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்படிக் கொஞ்ச தூரம் போனது. பிறகு அவள்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அம்மா, என்னமோ சத்தம் கேக்குதுல்லா?” என்றாள். “டக்குனு. என்னதும்மா அது?” கவனித்தேன். கேட்டது, வலது பக்கம், அதாவது எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். எப்பப் பாத்தாலும் கேக்குதா, விட்டு விட்டா என்று கேட்டேன். விட்டு விட்டு என்றாள். பாலம் ஏறி இறங்கும்போதா என்றேன். ஒரு பாலம் வந்து போகும்வரை காத்திருந்து, ஆமா என்றாள். வேகத்தைக் குறைத்து நன்றாக இருந்த ரோட்டில் கொஞ்சம் ஓட்டினேன், இல்லை. அடுத்த பாலத்தின் இணைப்பில் ஏறினோம், டக். கனமில்லாத சத்தம், உள்ளே பாதி காலியான சத்தம். “பால் பாட்டில எங்க வச்சிருக்க?” என்றேன். பெர்சிஸ் குனிந்து கதவின் பையில் கைவிட்டு, அங்கே ஆடிக்கொண்டிருந்த பாட்டிலை எடுத்துத் துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த பாலம் வந்தது, போனது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பது தெரிந்தது. பிள்ளை முழிச்சிட்டானா என்று மட்டும் கேட்டேன். இல்லை, நல்லா தூங்குதான் என்றாள். சரி என்று கியரை ஐந்தாவதுக்கு மாற்றி, முன்னால் போன பஸ்ஸைத் தாண்டினேன்.